தாலிக்கொடியிலிருந்து இறங்கிப் போன குதிரைக்காரர்கள்

லண்டனில் எங்கள் ஸ்டேஷன் ரோட்டில் முதலில் குதிரைக்காரன் இறங்கிப் போனது புவனேஸ்வரியின் தாலிக்கொடியிலிருந்துதான். ஐப்பசி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, குளித்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கொடியை நேராக்கியவள், தாலியின் இரண்டு பக்கமும் கோத்திருந்த பவுண் காசுகளில் குதிரையும் இல்லை, அதன் மேல் இருந்தவனும் இல்லை, காலடியில் கிடந்த பாம்பு மட்டும் தனியாகக் கிடக்கிறது என்று கண்டாள். கண்டுவிட்டு, அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து கீழே போய், பாலை இறக்கி, தேத்தண்ணி போட்டுப் புருஷனுக்குக் கொடுத்து, அதன் பிறகுதான் எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, உங்கட காசில ஆள் இருக்கோ?" என்று கேட்டாள். நான் என்னுடையதைத் தூக்கிப் பார்த்து, இருக்கிறான் என்றேன். போனவன் எங்கே போயிருப்பான் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் காசைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண்ணின் தாலிக்கொடியில் தாலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இங்கிலாந்து ராசாவோ ராணியோ தலை போட்ட பவுண் காசு தொங்க வேண்டும். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் கொடி வடிவில்லை என்பார்கள். காசின் ஒரு பக்கம் தலை. மறுபக்கம் ஒருவன், உடம்பில் சட்டை இல்லாமல், தலைக்கவசமும் தோளில் பறக்கிற துண்டுமாகக் குதிரையில் இருந்து, கையில் சின்ன வாளோடு, கீழே புரள்கிற சிறகு வைத்த பாம்பை வெட்டப் போகிறான். முறிந்த ஈட்டி நிலத்தில் கிடக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் இத்தாலிக்காரர் செதுக்கிக் கொடுத்த வடிவம் என்று எங்கள் தெரு நகைக்கடைக்காரர் விசுவலிங்கம் சொல்லுவார். எங்கள் தாய்மார் அவனை ஐயனார் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றினார்கள். லண்டனுக்கு வந்து, அது இந்த நாட்டுச் சாமி என்று தெரிந்த பிறகும் நாங்கள் ஒற்றுவதை நிறுத்தவில்லை. வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போனாலும் உங்கட நெஞ்சைவிட்டுப் போகேல்லை என்று என் வீட்டுக்காரர் பகிடி விடுவார். டாக்சி ஓட்டுகிறவர், வாய் சும்மா இராது.

அடுத்த கிழமை புவனேஸ்வரியின் புருஷன் திருச்செல்வம் பஸ் தரிப்பிடத்தில் நின்ற நிலையிலேயே சரிந்து விழுந்து செத்துப் போனார். நெஞ்சுக் குழாயில் அடைப்பு இருக்கிறது, சின்ன ஒப்பரேஷன்தான் என்று டொக்டர்மார் வருஷக்கணக்காகக் கெஞ்சியும் மனுஷன் ஆட்டிறைச்சிக் கறியை விடவில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் செத்தவீட்டில் ஒருவரும் ஆட்டிறைச்சியைப் பற்றிக் கதைக்கவில்லை. அவளுடைய கொடியைக் கழற்றியபோது வந்திருந்த பெண்கள் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தது பிரேதத்தை அல்ல, அந்த இரண்டு காசுகளைத்தான். குதிரைக்காரன் போனான், ஆள் போனார். அதற்கு மேல் ஒரு விளக்கம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

பிறகு வீடு வீடாக இறங்கினார்கள். கோயில் மாதர் சங்கத் தலைவி கமலாம்பிகையின் கொடியிலிருந்து போனார்கள், விரதம் ஒன்றுகூட விடாதவளின் கொடியிலிருந்தும் போனார்கள், புருஷனோடு வருஷக்கணக்காக முகம் கொடுத்துக் கதைக்காதவளின் கொடியிலிருந்தும் போனார்கள், எல்லாரிலும் கூடுதலாகப் பயந்து அழுதவள் அவள்தான். கார்த்திகை விளக்கீட்டன்று காலை என் காசிலும் ஆள் இல்லை. குளியலறைத் தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டேன். கீழே என் வீட்டுக்காரர் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார், வழக்கம்போல வரி பிழைத்துப் பாடினார், நான் துவாய்த் துண்டைக் கடித்துக்கொண்டு அழுதேன். முப்பது வருஷமாக அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடித்தவள் நான்.

ஆண்களைப் பார்க்கத்தான் வேண்டும். எங்கள் ஆண்கள் சண்டைக்குள்ளால் வந்தவர்கள், ஷெல் விழுந்த காலத்தில் சைக்கிள் ஓடியவர்கள், அப்படிப்பட்டவர்கள் இப்போது காலையில் எழும்பியதும் பல் விளக்குவதற்கு முன்னால் மனைவியின் கழுத்தைப் பார்த்தார்கள். ஆள் இருந்தால் அன்றைக்கு வேலைக்குப் போனார்கள். இல்லையென்றால் ஏணியில் ஏறவில்லை, கத்தி தொடவில்லை, மீன் முள்ளை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். பொரியலை விட்டதால் தெருவில் எண்ணெய் விற்பனை படுத்தது. பெட்ரோல் ஸ்டேஷன்களில் வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே கிழமையில் லீவு கேட்டதால் முதலாளிமார் இது என்ன புதுப் பெருநாளோ என்று விசாரித்தார்கள். பெண்கள் கோபப்படுவதை விட்டுவிட்டோம். ஒரு வீட்டில்கூடச் சத்தம் இல்லை, அந்த அமைதிதான் மிகவும் பயமாக இருந்தது.

பாம்பு அப்படியே கிடந்திருந்தால் பழகியிருப்போம். அது வளர்ந்தது. முதலில் ஒரு மூலையில் மல்லாந்து கிடந்தது, பிறகு புரண்டு எழும்பியது, பிறகு முறிந்த ஈட்டியைச் சுற்றியது, குதிரை நின்ற இடம் முழுக்க அதன் வால் வந்தது, குதிரைக்காரன் இருந்த உயரத்துக்கு அதன் தலை வந்தது, கடைசியில் அது முகத்தைத் திருப்பி, காசுக்கு வெளியே, கொடி போட்டிருக்கிறவளையே பார்த்தது. காசு படுகிற இடத்தில் நெஞ்சு குளிர்ந்தது. சுடுதண்ணியில் குளித்தாலும் அந்த ஒரு வட்டம் சூடேறவில்லை. நாங்கள் ராசா தலையை வெளியே தெரியத் திருப்பிப் போட்டோம், மறுநாள் காலையில் பாம்புதான் வெளியே இருந்தது. ஐயரிடம் போனோம்; அவர் கண்ணை மூடிக்கொண்டு தீர்த்தம் தெளித்தார், ஏன் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு, எனக்கும் வீட்டில் கொடி போட்ட ஓர் ஆள் இருக்கிறா என்றார்.

அப்போதுதான் விசுவலிங்கம் ஒரு நீல வெல்வெட் தட்டைக் கண்ணாடி மேசையில் விரித்தார். எல்லாப் பவுண் காசிலும் குதிரைக்காரன் இல்லை, விசேஷ வருஷங்களில் கோலத்தை மாற்றுவார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மகாராணி அரியணை ஏறி ஐம்பது வருஷம் ஆனதற்கு அடித்த காசில் குதிரையும் இல்லை, பாம்பும் இல்லை, கிரீடம் வைத்த கேடயம் மட்டும் இருந்தது. இறங்கிப் போக அதில் ஒருவனும் இல்லை என்பதால் அதற்குத்தான் அடிபிடி. அறுபதாம் வருஷத்துக் காசில் வேறொரு குதிரைக்காரன் இருந்தான், புது ஆளை ஒருவரும் நம்பவில்லை. காசின் இருநூறாம் ஆண்டுக்கு அடித்ததில் குதிரைக்காரனைச் சுற்றி ஒரு வார்ப்பட்டி போட்டிருந்தது. கட்டி வைத்தவன் எங்கே போகப் போகிறான் என்று சிலர் அதை வாங்கினார்கள். விசுவலிங்கம் பழைய காசைக் கழற்றிப் புதியதைக் கோத்துக் கொடுத்தார். கிழமை கழிந்து பார்த்தால் வார்ப்பட்டி வெறும் வட்டமாக நின்றது. கேடயக்காரிகளுக்கு நெஞ்சில் குளிர் போகவில்லை, அவர்களுடைய பழைய காசுகள் கிடந்த இரும்புப் பெட்டிக்குள் ஏதோ உரசுகிறது என்று விசுவலிங்கமும் கடையை நேரத்தோடு பூட்டத் தொடங்கினார்.

இதற்குள் வெளியே செய்தி போய்விட்டது. ஹோல்ட் என்று ஒரு வெள்ளைக்காரர், பழைய காசு சேர்க்கிறவர், நூலக மண்டபத்தில் நடக்கிற காசுச் சந்தைக்கு ஒழுங்காக வருகிறவர். முந்தி எங்கள் தாலிக் காசைத் தொட்டும் பார்க்க மாட்டார். வளையம் ஒட்டியதும் வியர்வையில் தேய்ந்ததும் குப்பை, மனிதக் கை படாத காசுதான் காசு என்பது அவருடைய கட்சி. ஆனால் அச்சடிக்கும்போது பிழையாகிப் போன காசு என்றால் சேர்க்கிறவர்களுக்குப் பைத்தியம். குதிரைக்காரன் இல்லாத காசை அவர் அப்படித்தான் நினைத்தார். புவனேஸ்வரியிடம் ஒன்றை ஒரு காரின் விலைக்கு வாங்கி, கண்ணாடி போன்ற வட்ட டப்பாவுக்குள் அடைத்துச் சந்தோஷமாகக் கொண்டுபோனார். மாதம் முடிவதற்குள் திரும்பி வந்து, அதை விசுவலிங்கத்தின் மேசையில் வைத்தார். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பாம்பு தன்னைத்தான் பார்க்கிறது என்று சொன்னார். முகம் வெளுத்துப் போயிருந்தது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, வாசல் வரை பின்பக்கமாகவே நடந்து போனார்.

தவமலரைப் பற்றி இனித்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்தாள், ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிற சலவைத் தொழிற்சாலையில் வேலை. சண்டை முடிந்த நாளில் பெயர் பதிந்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லி அவள் புருஷன் குகநேசனை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள், பஸ் போனது, அவ்வளவுதான். அவள் படத்தைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தாள். அலைந்து உடம்பு முறிந்த பிறகு தமையன் லண்டனுக்கு எடுப்பித்தான். குங்குமம் வைப்பாள், கொடி போடுவாள். கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிட மாட்டோம், பந்தியைப் பார் என்று அன்பாகச் சொல்லி அனுப்புவோம், அவளும் விளங்காத மாதிரிப் போவாள். அவள் கொடியில் ஒரு காசுதான் மிச்சம், மற்றதை முகாமில் விற்றுவிட்டாள். மிஞ்சியதை பஸ் போன அன்றே அவர் உடுத்த சாரத்தில் கிழித்த துண்டில் சுற்றிக் கறுப்பு நூலால் தைத்திருந்தாள். அன்றிலிருந்து அதைப் பிரிக்கவேயில்லை.

தெரு முழுக்கத் தெரிந்தது இதுதான்: குகநேசன் செத்துவிட்டார். அவளுக்கு மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. ஆகவே கமலாம்பிகை ஒரு கணக்குப் போட்டாள். செத்துப் போன குகநேசனுடைய காசில் குதிரைக்காரன் இன்னும் இருக்கிறான் என்றால், குதிரைக்காரனுக்கும் புருஷன்மாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நாங்கள் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலைந்து பேராக எங்கள் முன்னறையில் வந்திருந்து, சுற்றி வளைத்து, பிள்ளை நீ ஒருக்கால் அதைப் பிரித்துக் காட்டினால் போதும் என்று கமலாம்பிகை கேட்டாள். தவமலர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவர் செத்திட்டார் எண்டு நீங்கள் முடிவெடுத்திட்டீங்கள்," என்றாள். "இப்ப அதுக்கு என்னட்டைச் சாட்சி கேக்கிறீங்கள். காசில ஆள் இருந்தாலும் அவரைச் சாக்காட்டுவீங்கள், இல்லாட்டிலும் சாக்காட்டுவீங்கள். இது தைச்சபடியே இருக்கட்டும்."

அவள் சொன்னது சரி என்று எங்களுக்கே தெரியும். ஆனால் அதற்குப் பிறகு தெரு அவளை விடவில்லை. சலவைத் தொழிற்சாலை வாசலில் நின்று கேட்டார்கள், கோயிலில் பிரசாதம் கொடுத்துக்கொண்டே கேட்டார்கள், அவள் குனிந்தால் கழுத்தைப் பார்த்தார்கள். அவள் கழுத்துவரை பொத்தான் வைத்த ஜம்பர் போடத் தொடங்கினாள்.

மார்கழியில் ஒரு மூடுபனிக் காலை, நெடுஞ்சாலை வளைவில் ஒரு லொறி என் வீட்டுக்காரரின் டாக்சியில் இடித்தது. தலையில் அடி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாய்களோடு கண் மூடிக் கிடந்தார், மயக்கம் தெளியுமா என்று கேட்டதற்கு டொக்டர் பொறுத்திருந்து பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். மாற்று உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், என் காசுகள் இரண்டிலும் பாம்பு நிறைந்து, வாய் விளிம்பைத் தாண்டி நிற்கிறது. நான் படியேறி மேலே போனேன். தவமலர் வேலைக்குப் போகாமல் எனக்காகச் சமைக்கப் பருப்புக் களைந்துகொண்டிருந்தாள். தவம், எனக்காகப் பார் என்று கேட்டேன். என் ஆள் பிழைக்க வேண்டும் என்றால் அவள் ஆள் செத்திருக்க வேண்டும், செத்த பிறகும் அவள் காசில் குதிரைக்காரன் இருக்க வேண்டும். அதைத்தான் நான் அவளிடம் கேட்டேன், அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கையைத் துடைத்துவிட்டு, கீழே வாங்கோ, கத்திரிக்கோல் குசினியில்தான் இருக்கிறது என்றாள்.

குசினியில் கமலாம்பிகையும் விசுவலிங்கமும் இருந்தார்கள், எனக்குத் துணைக்கென்று சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். தவமலர் கதிரையில் இருந்து, கொடியை வெளியே எடுத்து, நூலை ஒவ்வொன்றாக வெட்டினாள். துண்டு நிறம் செத்துக் கிடந்தது. அதை விரித்தபோது அவள் கண்ணைத் திறந்தாளோ மூடினாளோ நான் பார்க்கவில்லை, நான் காசைத்தான் பார்த்தேன்.

பாம்பு இல்லை. குதிரைகள் இருந்தன, ஒன்றல்ல, விளிம்பு முட்ட எள்ளுப் போல நெருக்கமாக எங்கள் தெருவின் குதிரைகள் எல்லாம் கடிவாளம் தொங்க நின்றன. குதிரைக்காரர்கள் எல்லோரும் கீழே இறங்கியிருந்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வட்டமாக நின்றார்கள். நடுவில் வெறும் நிலம். அந்த நிலத்தில் முறிந்த ஈட்டியை ஒருவன் நேராக எடுத்து வைத்திருந்தான்.

விளங்குவதற்கு எங்களுக்கு நேரம் எடுக்கவில்லை, செத்தவீடு எங்களுக்குத் தெரியாததா. அவர்கள் எங்கள் புருஷன்மாரை விட்டுவிட்டுப் போகவில்லை, ஒருவரும் போகாத ஒரு செத்தவீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எண்ணெயும் அரப்பும் வைக்காமல், பந்தம் பிடிக்காமல், ஒப்பாரி சொல்லாமல் போன ஒரு மனிதனுக்கு, அவர் பெண்சாதியின் நெஞ்சில் கூடி நின்று துக்கம் கொண்டாடுகிறார்கள். கமலாம்பிகையின் கை தன்பாட்டில் அவளுடைய தாலிக்குப் போனது, மூச்சு நீளமாக வெளியே வந்தது. எனக்கும் வந்தது. நெஞ்சிலிருந்த குளிர் இறங்குவதை உணர்ந்தேன், அந்தச் சந்தோஷத்தை என் முகத்திலிருந்து மறைக்க என்னால் முடியவில்லை, தவமலர் அதைப் பார்த்துவிட்டாள்.

அவள் அழவில்லை. விசுவலிங்கத்திடம் அவருடைய பூதக்கண்ணாடியைக் கேட்டாள். அவர் முதலில் தானே குனிந்து, காசின் அடியில், நிலத்துக்குக் கீழே வருஷம் போட்டிருக்கிற இடத்தைப் பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அது அவள் தாயின் காசு, தாடி வைத்த ராசாவின் காலத்தில் அடித்தது, பழைய வருஷம்தான் இருந்திருக்க வேண்டும். தவமலர் கையை நீட்டியபடியே இருந்தாள். அவர் கண்ணாடியை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவள் நீண்ட நேரம் பார்த்தாள். அதில் இருந்த வருஷம் இரண்டாயிரத்துப் பதினேழு.

"நான் லண்டனுக்கு வந்தது பதினாலில," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் வந்து மூண்டு வருஷம் அவர் எங்கேயோ இருந்திருக்கிறார். நான் தேடுறதை நிப்பாட்டின பிறகும் இருந்திருக்கிறார்."

கமலாம்பிகை அவளைத் தொடப் போய்த் தொடாமல் நின்றாள். அந்த நேரத்தில் மேசையில் என் போன் அடித்தது, ஆஸ்பத்திரி நம்பர். நல்ல செய்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது, கண் விழித்துவிட்டார், என்னைத்தான் கேட்கிறார் என்று எடுக்காமலே தெரிந்துவிட்டது; ஆனால் அவளுக்கு முன்னால் அதை எடுக்க என் கை வரவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. தவமலர் காசை மேசையில் வைத்துவிட்டு, போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"எடுங்கோ அக்கா," என்றாள். "அண்ணை காத்துக்கொண்டு இருப்பார்."